திரைக்கதை எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோராண்டும் புதிதாகச் சிலர் சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களுக்கு எழுத வருகிறார்கள். இத்தொழிலில் இருக்கும் நாங்கள் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடத்தில் அவர்களும் சறுக்குவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. எழுத்துப்பிழை, கெடு தவறுவது, காட்சி எண் விடுபடுவது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள்.

தோ பாயோவில் சென்னைத் தமிழ்

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பையன் நாலாவது காட்சிக்குள் கோடம்பாக்கத்து நாயகனைப் போலப் பேச ஆரம்பித்துவிடுகிறான். சினிமா கேட்டு வளர்ந்த காதில் அந்த ஓசைதான் முதலில் வந்து விழுகிறது. நம் வீடுகளில் பாட்டி தமிழில் கேட்பார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அம்மா இரண்டையும் கலந்து பேசிச் சமாளிப்பார். பாட்டிக்குச் சந்தை என்றால் 'பசார்', பிரம்பு என்றால் 'ரோத்தான்'.

வசனத்தில் கை வைப்பதற்கு முன், எந்தப் பாத்திரம் யாரிடம் எந்த மொழியில் பேசும் என்று ஒரு தாளில் குறித்துவிடுங்கள். அப்பாவிடம் தமிழ், அக்காவிடம் ஆங்கிலம், கோபம் வந்தால் மறுபடி தமிழ். அப்படி மொழி மாறும் இடங்களில் பாதி நாடகம் தானாகவே நடந்துவிடும். ஆங்கிலத் துணைவரிகளோடு பார்ப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் சிலேடையை நம்பி ஒரு காட்சியை முடிக்காதீர்கள்.

நம் ஊர்ச் சட்டத்தை மறந்து முடிச்சுப் போடுவது

மணமாகாத 27 வயது நாயகன் தனியாளாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குகிறான். தனியாளாக வாங்கப் பொதுவாக 35 வயதாக வேண்டும். கல்யாணமான எட்டாம் மாதம் நாயகி விவாகரத்துக்கு மனுப் போடுகிறாள். திருமணம், விவாகரத்து பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின்படி, நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். புது வீவக வீட்டை மறு ஆண்டே விற்று அண்ணன் கடனை அடைக்கிறார்கள். குறைந்தது ஐந்து ஆண்டு குடியிருக்காமல் விற்க முடியாது. நீதிமன்றக் காட்சியில் ஜூரி உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே 1970 முதல் ஜூரியே கிடையாது.

இந்த விதிகளைத் தடை என்று நினைக்க வேண்டாம். பிரிய நினைக்கும் இருவர், விவாகரத்தும் கேட்க முடியாமல் வீட்டையும் விற்க முடியாமல் ஒரே மூவறை வீட்டில் மாதங்களைக் கடத்துகிறார்கள் என்றால், அதுவே ஒரு தொடருக்குப் போதுமான கதை.

பின்னணிக் குரலில் கதை சொல்வது

குரலை எடுத்துவிட்டுப் படியுங்கள். கதை புரிந்தால் குரல் வேண்டாம். புரியாவிட்டால் காட்சியைத் திருத்துங்கள்.

வாய்ப்பேச்சை நம்பித் திருத்திக்கொண்டே இருப்பது

திறமையுள்ள பலர் இரண்டாவது ஆண்டோடு எழுத்தை விட்டுப் போவதற்குக் காரணம் இதுதான். இன்றுவரை எங்களுக்கு ஆற்றாமை தரும் தவறும் இதுதான்.

13 பகுதித் தொடர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகுதிக்கு இத்தனை வெள்ளி என்று தொலைபேசியில் பேசி முடிகிறது. கதைப்போக்கை வசனமின்றி விவரிக்கும் ட்ரீட்மென்ட் போகிறது. "நல்லா இருக்கு, எழுதுங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது. நான்கு பகுதிகளுக்கு வசனம் எழுதியான பிறகு இயக்குநர் வந்து சேர்கிறார். வில்லன் அண்ணனாக இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறார். நான்கும் மாறுகின்றன. அடுத்து நாயகியின் கால்ஷீட் குறைகிறது. அவள் காட்சிகளை அம்மா பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. நான்காவது வரைவு போன பிறகு, தொடர் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வருகிறது. இறுதி வரைவுக்குத்தான் பணம் என்று பேசியிருந்ததால் கைக்கு ஒரு வெள்ளியும் வரவில்லை.

இதில் ஏமாற்றுக்காரர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டவை ஒவ்வொன்றும் நியாயமானவைதான். எது திருத்தம், எது புது எழுத்து என்று முதலிலேயே எழுதி வைக்காததால்தான் நான்கு மாத உழைப்பு கணக்கில்லாமல் போனது.

வேலையைக் கட்டங்களாகப் பிரியுங்கள். கதைச்சுருக்கமும் ட்ரீட்மென்ட்டும் ஒன்று, காட்சிகளின் வரிசைப் பட்டியலான சீன் ஆர்டர் இரண்டு, வசனத்தோடு முதல் வரைவு மூன்று, இறுதி வரைவு நான்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகை. அந்தத் தொகை எப்போது வரும் என்ற சொல்லில் மிகக் கவனமாக இருங்கள். 'ஒப்படைத்த 14 நாளில்' என்பது உங்கள் கையில் இருக்கிறது. 'ஒப்புதல் கிடைத்ததும்' என்பது அவர்கள் கையில். 'படப்பிடிப்பு தொடங்கியதும்' என்பது யார் கையிலும் இல்லை.

கட்டத்துக்கு இரண்டு சுற்றுத் திருத்தம் என்று எழுதுங்கள். ஒப்புக்கொண்ட சீன் ஆர்டருக்குள் வசனம், நீளம், தொனி மாறினால் அது திருத்தம். சீன் ஆர்டரே மாறினால் அது புது எழுத்து, அதற்குத் தனித் தொகை. மேற்கண்ட தொடரில் வில்லன் அண்ணனான அன்றே இந்த ஒரு வரி எழுத்தாளரைக் காப்பாற்றியிருக்கும். தயாரிப்பாளர், இயக்குநர், நிர்வாகத் தயாரிப்பாளர் மூவரும் தனித்தனியாகக் கருத்து அனுப்பினால் ஒருவர் சேர்த்ததை மற்றவர் நீக்கச் சொல்வார். ஒருவர் தொகுத்து அனுப்பும் ஒரே குறிப்புதான் ஒரு சுற்று. தொடர் இடையில் நின்றால் முடித்த கட்டங்களுக்கும் நடந்துகொண்டிருக்கும் கட்டத்தில் ஒரு பங்குக்கும் பணம் உண்டு என்பதையும் சேருங்கள்.

உரிமை விஷயத்தில் பலருக்குக் குழப்பம். மனத்தில் இருக்கும் கருவுக்குப் பாதுகாப்பு இல்லை. எழுதிய திரைக்கதைக்கு, எழுதிய கணமே பதிப்புரிமை உண்டு. இங்கே பதிவு செய்யும் முறை எதுவும் இல்லை. நிறுவனத்தின் ஊழியராக எழுதினால் உரிமை பொதுவாக முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர் தன் உரிமையைக் கையொப்பமிட்ட எழுத்து மூலமே மாற்றிக் கொடுக்க முடியும். எனவே 'கையொப்பமிட்டதும்' என்று உரிமையைக் கொடுத்துவிடாமல் 'முழுத் தொகை கிடைத்ததும்' என்று கேளுங்கள். 2021 பதிப்புரிமைச் சட்டம், படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் தந்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கும் வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதை, திரைக்கதை, வசனம் என்ற மூன்றில் எதன் கீழ் உங்கள் பெயர் வரும் என்பதையும் சொல்லால் எழுதி வாங்குங்கள். வசனத்தை வேறொருவர் மெருகேற்றிய பிறகு உங்கள் பெயர் காணாமல் போகும் இடம் அதுதான்.

ஒப்பந்தத்தாள் கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்ற பயம் புரிகிறது. தாளே கேட்க வேண்டாம். தொலைபேசியில் பேசிய அன்று இரவே, "இன்று பேசியபடி" என்று தொடங்கி மேற்சொன்னவற்றைப் பத்து வரியில் மின்னஞ்சல் அனுப்பி, சரி என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். பணம் வராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள், 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் கேட்கலாம். அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே உங்கள் பக்கத்தை நீங்கள் சொல்லலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த மின்னஞ்சல்தான்.

மெடிசேவை மறப்பது

ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில் செய்பவர் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை உடனே ஒதுக்குங்கள்.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு

திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற அந்தக் கணக்கு, ஆங்கிலக் கூரியர் 12 எழுத்துருவுக்கு. தமிழுக்குப் பொருந்தாது. வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். அரை மணி நேரப் பகுதியில் விளம்பரம் போக 22, 23 நிமிடம்தான் உங்களுடையது.

எடுக்க முடியாத காட்சியில் கதையின் ஆணியை அடிப்பது

ரயில் நிலைய மேடையில், கூட்ட நேரத்தில், மழையில், தங்கை உண்மையைச் சொல்கிறாள். படிக்க அழகாக இருக்கும். ரயில் நிலையத்துக்கு அதை நடத்தும் நிறுவனத்தின் அனுமதி, வீவக புளோக்கின் தரைமட்ட வெற்றுத்தளத்துக்கு நகர மன்றத்தின் அனுமதி, பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். அனுமதி தாமதமானால் அந்தக் காட்சி ஒரே வரியாகச் சுருங்கி யாருடைய சமையலறையிலாவது பேசப்படும். ஏழாம் பகுதி அந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது என்பது படப்பிடிப்புத் தளத்தில் எவருக்கும் நினைவிருக்காது.

சீன் ஆர்டர் முடிந்ததும் இடங்களை எண்ணுங்கள். ஒரு பகுதிக்கு ஏழெட்டு இடம் வந்தால் பாதியாகக் குறைக்கப் பாருங்கள். இரவு வெளிப்புறக் காட்சிகளைத் தனியாகக் குறியுங்கள். எந்தக் காட்சியை எடுத்தால் கதை விழுந்துவிடுமோ, அதை வீட்டுக்குள் பகலில் இரண்டே நடிகர்களோடு நடக்கும்படி முதலிலேயே எழுதிவிடுங்கள். மழையும் ரயிலும் வேண்டுமானால், எடுக்க முடியாமல் போனாலும் கதை நிற்கும் ஒரு காட்சியில் வரட்டும்.