பைதனில் கட்டளைவரித் தெரிவுகள்: விதைநெல் கணக்கோடு ஒரு செய்முறை

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் 3 ஏக்கர் வயல். காலபோகத்துக்கு (மாரிமழைப் போகம்) வீசி விதைக்க ஏக்கருக்கு 2 புசல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20.87 கிலோ. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) இப்படி அடித்தால், எவ்வளவு விதைநெல் வேண்டும் என்ற விடை வரவேண்டும் (-- உடன் தொடங்குபவைதான் தெரிவுகள்; பைதனின் சொற்களை இங்கே தமிழில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்):

பைதன்3 விதைநெல்.பை --ஏக்கர் 3 --கிலோ

அடித்த சொற்களை சிஸ்.ஆர்க்வி என்ற பட்டியலில் பைதன் தருகிறது. அதன் 0ஆம் இடத்தில் இருப்பது கோப்பின் பெயர். அதை நாமே பிரித்தெடுக்கத் தேவையில்லை. அதைச் செய்துதரும் ஆர்க்பார்ஸ் என்ற தொகுதி 3.2 பதிப்பிலிருந்து பைதனோடு சேர்ந்தே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம்.

1. ஆர்க்பார்ஸை இம்போர்ட் செய்து, ஆர்கியூமென்ட்பார்சர் ஒன்றை உருவாக்குங்கள்.

2. ஆட்_ஆர்கியூமென்ட் மூலம் --ஏக்கர் சேர்த்து, டைப்பை ஃப்ளோட் (தசம எண்) என்றும் ரிக்வயர்டை ட்ரூ (கட்டாயம்) என்றும் கொடுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டைப் கொடுக்காவிட்டால் 3 என்பது எண்ணாக வராது, எழுத்தாகவே வரும். எழுத்தை 2ஆல் பெருக்கினால் பைதன் அதை இருமுறை எழுதும்: 6 புசலுக்குப் பதில் 33! பிழைச்செய்தியும் வராது, அதனால்தான் இது ஆபத்து.

3. --புசல் (ஏக்கருக்கு எத்தனை): டைப் ஃப்ளோட், டிஃபால்ட் (கொடுக்காவிட்டால் எடுப்பது) 2. நாற்று நடுபவர் குறைத்துக் கொடுக்கலாம்.

4. --கிலோ வெறும் ஆம்/இல்லை. ஆக்‌ஷனை ஸ்டோர்_ட்ரூ என்று வையுங்கள். டைப்பாக பூல் (ட்ரூ/ஃபால்ஸ் வகை) கொடுக்காதீர்கள். வெறுமையல்லாத எந்தச் சொல்லும், ஃபால்ஸ் என்று அடித்தாலும், ட்ரூ ஆகிவிடும்.

5. பார்ஸ்_ஆர்க்ஸை அழைத்து, ஏக்கரைப் புசலால் பெருக்குங்கள். கிலோ கேட்டிருந்தால் 20.87ஆலும் பெருக்க வேண்டும். மேலே அடித்ததற்கு விடை 125.22.

-3 ஏக்கரையும் ஆர்க்பார்ஸ் தடுக்காது. ஏக்கர் 0 அல்லது அதற்குக் கீழ் என்றால் பார்சர்.எரரை அழையுங்கள், செய்தியைக் காட்டி, 2 என்ற வெளியேறும் எண்ணோடு நிறுத்திவிடும். உதவிக்குறிப்பில் % போடுவதானால் %% என்று இரட்டித்து எழுதுங்கள்.

தமிழில் பெயர் வைப்போர் இதையும் கவனிக்க வேண்டும். கிலோவில் உள்ள ‘லோ’வின் உயிர்க்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், சில இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியும். கண்ணுக்கு ஒன்றுதான். ஆர்க்பார்ஸுக்கு வேறு வேறு, ‘தெரியாத தெரிவு’ என்று மறுத்துவிடும். பைதனோடு வரும் யுனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸால் சிஸ்.ஆர்க்வியின் ஒவ்வொரு சொல்லையும் என்எஃப்சி வடிவுக்கு (இரண்டாகப் பதிந்த குறியை ஒன்றாக்கும் வடிவு) மாற்றி, 0ஆம் இடத்தை விட்டு மற்றதை பார்ஸ்_ஆர்க்ஸுக்குக் கொடுங்கள். நிரலில் எழுதும் பெயரும் அதே வடிவில் இருக்கட்டும்.