சம்மாங்கோட்டுப் பள்ளியை வரைவது எப்படி

கொழும்பு, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கும் ஜாமிஉல் அஃபார் பள்ளிவாசலை, அதாவது நம்முடைய சம்மாங்கோட்டுப் பள்ளியை, வரைய விருப்பமா? ஞாயிறு காலையிலோ, போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளிலோ போங்கள். கடைகள் பலவும் பூட்டியிருக்கும். மற்ற நாட்களில் சுமை தூக்கும் நாட்டாமிமாரின் வண்டிகளுக்கு வழிவிடவே நேரம் சரியாகிவிடும்.

தெரு ஒடுக்கமானது, முழுக் கட்டடமும் ஒரு தாளில் அடங்காது. பிற்காலத்தில் பக்கத்துக் காணிகளையும் சேர்த்துப் பள்ளியைப் பெருப்பித்திருக்கிறார்கள். நீங்கள் பழைய முகப்பில் ஒரு துண்டை மட்டும் எடுங்கள்.

என் ஓவிய வகுப்புப் பிள்ளைகள் போனவுடனே சிவப்பு நிறத்தைத்தான் தேடுவார்கள். நான் விடமாட்டேன். முதலில் பென்சில். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டுக்கொண்டு, அதிலிருந்து மற்ற உயரங்களை அளந்து வாருங்கள். குவிமாடங்களை வெறும் அரைவட்டமாக்கிவிட வேண்டாம். அவை மாதுளம்பழ வடிவம், வயிறு நன்றாகப் புடைத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் பட்டைகள். இந்தப் பள்ளியின் உயிரே அதில்தான். சுவரில் சிவப்பும் வெள்ளையும் கிடையாக ஓடும், தூண்களில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், சில இடங்களில் கட்டம் கட்டமாக மாறும். சுற்றி ஏறும் பட்டையைச் சாய்ந்த நேர்க்கோடாகப் போட்டால் தூண் தட்டையாகிவிடும். விளிம்பை நெருங்கும்போது கோட்டைச் சற்று வளைத்துவிடுங்கள், தூண் உருண்டு திரண்டு வரும். வெள்ளைக்கு நிறம் பூசாதீர்கள், தாளையே விட்டுவிடுங்கள்.

தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகளின் விருப்பப்படி 1908இல் தொடங்கி 1909இல் முடித்த கட்டடம் இது. வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக்கலை படித்தவர் அல்ல. இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்தோ-சரசெனிக் கட்டடங்களை வியாபாரிகள் காட்ட, அவற்றின் சாயலை மனதில் வாங்கிக்கொண்டு செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உறவு உடனே பிடிபடும். ஆனால் இத்தனை துணிச்சலான பட்டைகளைப் படித்த கை ஒன்று போட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதனால் உங்கள் கோடு கொஞ்சம் கோணினாலும் அழிக்காதீர்கள்.

உள்ளே போவதென்றால் வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். செருப்பைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். பெண்கள் தலைக்கு ஒரு சால்வை வைத்திருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிருங்கள். தொழுகிறவர்களை வரைய வேண்டாம், தூண்களும் வளைவுகளுமே போதும்.