கொல்லைப்புறம் ஓர் அறை: டெல்டா வீடுகளுக்கான செலவுக் கணக்கு

கொல்லைப்புறம் ஓர் அறை இழுத்துக் கட்டலாம் என்று நினைத்தவுடன் வரும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன ரேட்?" புது வீட்டுக்குச் சொல்லும் ரேட்டை வைத்துப் பெருக்கினால் பாதி வேலையிலேயே பணம் தீர்ந்துவிடும். அறை சிறுக்கச் சிறுக்க, சதுர அடிக்கு விழும் சுவரின் நீளம் கூடும். பழைய சுவரை உடைப்பது, இடிபாட்டை அள்ளுவது, புதியதைப் பழையதோடு பொருத்துவது எல்லாம் சதுர அடிக் கணக்கில் வராத வேலைகள். லாரி நுழையாத சந்து என்றால் செங்கல்லையும் மணலையும் தெருமுனையிலிருந்து சுமந்து வரும் கூலியும் சேரும். அதனால் முதலில் பொருளின் அளவைக் கணக்கிடுங்கள்; விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு அதன் மேல் போடுங்கள்.

அதற்கும் முன்னால் பத்திரத்தைப் பாருங்கள். டெல்டாவில் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் நிற்கும் வீடுகள் ஏராளம். அடிமனை உங்கள் பெயரில் இல்லையென்றால் மனைக்கு உரியவரின் இசைவு இல்லாமல் வரைபட அனுமதிக்குப் போக முடியாது. வங்கிக் கடனும் கஷ்டம். தெரு வீடுகளில் பக்கச் சுவர் இரு வீட்டுக்கும் பொதுவாக இருக்கும். அதன் மேல் உத்தரமோ தளமோ ஏற்றுவதற்குப் பக்கத்து வீட்டாரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

இனி மண். ஆற்றோரப் படுகை மண் மணல் கலந்தது, பெரிதாகத் தொல்லை தராது. மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் கனத்த களிமண் அப்படியல்ல: ஐப்பசியில் ஊறி உப்பும், சித்திரையில் சுருங்கி வெடிக்கும். கோடையில் கொல்லையில் விட்டிருக்கும் வெடிப்புக்குள் ஒரு தென்னை ஈர்க்கை விட்டுப் பாருங்கள். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கும் கீழே கடகால் (அடித்தளம்) போக வேண்டும். ஈர்க்கு முட்டும் இடத்துக்குக் கீழேயும் வெடிப்பு நூலாய் இறங்கியிருக்கும் என்பதால், ஓர் ஆள் உயரக் குழி ஒன்றைத் தோண்டிப் பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது. மண் மோசம் என்றால் அடியில் குமிழ் வைத்த பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போடச் சொல்வார். செலவு கூடும்; ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடித்தால் அது விரிசலாகத்தான் திரும்பி வரும்.

பலர் சறுக்குவது பழையதும் புதியதும் சேரும் இடத்தில். பழைய வீடு அமுங்க வேண்டியதெல்லாம் எப்போதோ அமுங்கிவிட்டது. புதிய அறை இனிமேல்தான் அமுங்கும். பழைய சுவரில் பல் வெட்டிப் புதுச் சுவரைக் கோத்தால், முதல் மழைக்காலத்திலேயே சேருமிடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடும். அதனால் புது அறை தன் தூண்களில் தனியாக நிற்கட்டும். இடையில் ஓர் அங்குல இடைவெளி விட்டு தெர்மோகோல் வையுங்கள். மேலே தளம் சேருமிடத்தில் ஒரு பக்கம் மட்டும் திருகிய அலுமினியத் தகட்டால் மூடுங்கள். இரண்டு பக்கமும் திருகினால் தகடு கிழியும். பழைய சுவரை ஒட்டித் தூண் குழி தோண்ட வேண்டாம், பழைய அடித்தளத்தின் கீழ் மண் சரியும். மூன்று அடி தள்ளித் தூண் வைத்து, உத்தரத்தைப் பழைய சுவரில் படாமல் அதன் அருகு வரை நீட்டிவிடலாம். இந்த நீட்டலுக்குக் கம்பி கூடுதலாகப் பிடிக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வெளி அளவு 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்று ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 14 அடிப் பக்கம் பழைய வீட்டை ஒட்டியது. புதுச் சுவர் மூன்று பக்கம். மூலைகளைக் கழித்தால் 36½ அடி நீளம், 365 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டைக் கழித்தால் 333. ஒன்பது அங்குலச் சுவருக்கு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 900 செங்கல், ஆக 3,000. நாட்டுச் செங்கல் அளவில் சிறியது என்றால் இன்னும் கூடும்; கல்லை அளந்து பார்த்தே சொல்லுங்கள். பேஸ்மட்டச் சுவரும் மாடிக் கைப்பிடிச் சுவரும் இதில் இல்லை.

தளம் 5 அங்குலக் கனத்தில் 70 கன அடி. 1:1½:3 கலவைக்குச் சிமென்ட் 16 மூட்டை, மணல் 30 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 60 கன அடி. தளத்துக்கு மட்டும் கம்பி 130 முதல் 160 கிலோ. சரியான எண் வரைபடத்தில் இருக்கும். கம்பி வந்து இறங்கியதும் எடை போடுங்கள்: 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி சுமார் 4.7 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.7 கிலோ நிற்க வேண்டும்.

எல்லோரும் குறைத்துப் போடுவது நிரப்பு மண்ணை. உள்ளளவு ஏறக்குறைய 140 சதுர அடி, இரண்டரை அடி நிரப்பினால் 350 கன அடி. தண்ணீர் விட்டு இடித்தால் மண் அமுங்கும் என்பதால் கால் பங்கு சேர்த்து ஏறக்குறைய 440 கன அடி, அதாவது 4.4 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கொல்லையில் தோண்டிய களிமண்ணையே உள்ளே தள்ளாதீர்கள், டைல்ஸ் எழும்பும். தரைமட்டத்தைத் தெருவை வைத்தே முடிவு செய்யுங்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து பழைய வீடு பள்ளமாகியிருந்தால், புது அறையை ஒரு படி உயர்த்துவதே சரி.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் நாக்கில் கரித்தால் கான்கிரீட்டுக்கு ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நல்ல தண்ணீர் லாரிச் செலவை எழுதிவையுங்கள், போட்ட கான்கிரீட்டை நனைக்கவும் அதுதான் வேண்டும்.

சம்பா அறுவடை முடியும் வரை ஆள் கிடைப்பது அரிது. மாசியில் கடகால் தோண்டி, வைகாசிக்குள் தளம் போட்டுவிடுங்கள். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டால், கரையோர வீடுகளில் குழிக்குள் ஊற்றெடுக்கும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டிவரும். கழிவறைத் தொட்டியையும் கோடையிலேயே முடியுங்கள். ஐப்பசியில் காலித் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும்.

மேஸ்திரியிடம் கூலி பேசும்போது சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் சதுர அடியில் சேருமா, சென்ட்ரிங் (தளம் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டும்) யாருடையது, இடிபாட்டை யார் அள்ளுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 15 விழுக்காட்டைத் தனியே ஒதுக்குங்கள். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மண் சாந்தில் கட்டியதாகவும் இருக்கலாம்.

அதனால் பழைய வீட்டிலிருந்து புது அறைக்குப் போகும் வாசல் உடைப்பதைக் கடைசிக்கு வையுங்கள். தளத்துக்கு 14 நாள் தண்ணீர் கட்டி, முட்டுப் பிரித்து, பூச்சும் முடிந்த பிறகு போதும். முதலில் வாசலுக்கு மேலே சுவரின் பாதிக் கனத்தை மட்டும் வெட்டி லிண்டலை (மேல்சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம்) செருகி இறுக்குங்கள். மறுபாதியைச் சில நாள் கழித்து. இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலம் சுவரில் உட்கார்ந்திருக்கட்டும். லிண்டல் சுமையை வாங்கிய பிறகே கீழே உள்ள கல்லை மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரியுங்கள்.