நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை எடைபோடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50 என்று எண்ணைச் சொல்லியே விதை கேட்டுப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. அந்த 'ஐ.ஆர்.' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது, ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸ் அரசுடன் சேர்ந்து 1960-இல் லாஸ் பான்யோஸில் நிறுவிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். அதைப் பற்றி நம் பகுதியில் இரண்டு தீர்ப்புகள் வழங்குகின்றன. பசியைத் தீர்த்தது அந்த நிறுவனமே என்பது ஒன்று. மண்ணைக் கெடுத்ததும் அதுவே என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. நிறுவனம் செய்த வேலை எது, அதற்கும் நம் வயலுக்கும் நடுவிலுள்ள பல கைகள் செய்த வேலை எது என்று இவை பிரித்துப் பார்ப்பதில்லை.

காவிரிப் படுகையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். குறுவைப் பருவத்தில் விளைச்சல் ஏறத் தொடங்கியதற்கு ஐ.ஆர். 8 தான் காரணம் என்று எழுதுவோர் பலர். ஆனால் 1960-களின் நடுவில் இங்கே பரவலாகக் கால் பதித்தது, இந்திய நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலந்து உருவான ஏ.டி.டி. 27, அது ஆடுதுறையிலிருந்து வந்தது. 1922-இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு லாஸ் பான்யோஸைவிட வயது அதிகம். ஐ.ஆர். 8 வெளியானது 1966-இல். அதே காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்தது. உரம், கூட்டுறவுக் கடன், பம்புசெட் எல்லாம் சேர்ந்தே வந்தன. அப்படியானால் ஏறிய மூட்டைகளில் எத்தனையை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதற்காக அந்த நிறுவனத்தின் பங்கு ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவதும் தவறு. ஏ.டி.டி. 39 என்பது ஐ.ஆர். 8-க்கும் ஐ.ஆர். 20-க்கும் பிறந்த பிள்ளை. குறுவையில் நெடுநாள் கோலோச்சிய ஏ.டி.டி. 43-இன் ஒரு பெற்றோர் ஐ.ஆர். 50, மற்றொன்று திருத்திய வெள்ளைப் பொன்னி. பெயரில் 'ஐ.ஆர்.' இல்லாததால் இந்த ரகங்கள் அந்த நிறுவனத்தின் கணக்கில் ஏறாமல் போவதும் உண்டு. பெற்றோர் ஒன்று அங்கிருந்து வந்ததால் முழு விளைச்சலும் அவர்கள் கணக்கில் ஏறிவிடுவதும் உண்டு. கவனமுள்ள மதிப்பீட்டாளர் வம்சாவளியை ஆராய்ந்து, இந்தப் பெற்றோர் கிடைக்காதிருந்தால் ஆடுதுறை வேறு எதைக்கொண்டு எத்தனை ஆண்டில் இதே இடத்தை எட்டியிருக்கும் என்று கேட்பார். விடை துல்லியமாகக் கிடைக்காது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் பயன் கணக்கு விளம்பரமாகவே முடியும் என்பது என் கருத்து.

அடுத்த தவறு, தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் ரகத்தை மட்டும் ஒப்பிடுவது. மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை அந்த நாளில் திறக்க முடியவில்லை. 2020-இல்தான் மீண்டும் முடிந்தது. 2020-க்கு முந்தைய சில ஆண்டுகளையும் பிந்தைய சில ஆண்டுகளையும் எடுத்து, நடுவில் வந்த புது ரகத்தால் விளைச்சல் கூடியது என்று ஒருவர் எழுதினால், அவர் அளந்தது விதையை அல்ல, ஆற்றை. தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடும் அப்படியே. கல்லணைக்கு அருகிலுள்ள வயலின் விளைச்சலை வைத்துத் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து வயலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆராய்ச்சிப் பண்ணையின் பாத்தியில் கிடைத்த விளைச்சலை ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று நேராக மாற்றிச் சொல்வதைப் பற்றித் தனியாக விளக்கவும் வேண்டுமா?

வெள்ளம் தாங்கும் நெல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'சப்1' என்ற மரபுக்கூறு சேர்க்கப்பட்ட சுவர்ணா ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது; பின்னர் நம் சம்பா விவசாயிகளுக்கு நெருக்கமான சி.ஆர். 1009 ரகத்திலும் அதே கூறு சேர்க்கப்பட்டது. இளம்பயிர் முழுக்க மூழ்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் நீர் வடிந்தால் அது தழைத்து வரும். கதிர் முற்றிய பிறகு தை மாதத்தில் பெய்யும் மழையில் சாய்ந்து, தாளிலேயே முளைவிடும் நெல்லை அது காப்பாற்றாது. வடிகால் தூர்ந்து வாரக்கணக்கில் தேங்கி நிற்கும் நீரையும் அது வெல்லாது. அறுவடை நேரத்து இழப்பைக் காட்டி 'வெள்ளம் தாங்கும் ரகம் ஏமாற்றிவிட்டது' என்று சொல்வது, அந்த ரகம் ஏற்காத வேலையை அதன் தலையில் கட்டுவதாகும். மறுபுறம், அந்த வரம்பைத் தெளிவாகச் சொல்லாமல் 'வெள்ளம் தாங்கும்' என்ற இரண்டு சொற்களோடு விதைப்பையைக் கைமாற்றிய இடத்தில், அந்த மௌனம் யாருடையது, நிறுவனத்துடையதா, விதை விற்றவருடையதா என்பதை மதிப்பீடு கண்டுபிடித்தாக வேண்டும். ஒடிசாவில் நடந்த கள ஆய்வு ஒன்று, தாழ்ந்த நிலங்களில் அதிகமாகப் பயிரிடும் பட்டியல் சாதி விவசாயிகளுக்கு இந்த ரகத்தால் கிடைக்கக்கூடிய பயன் கூடுதல் என்று காட்டியது. சராசரி விளைச்சலை மட்டும் பார்த்திருந்தால் அந்தச் செய்தி மறைந்தே போயிருக்கும். படுகையிலும் பள்ளக்கால் நிலம் யாரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாத செய்தி அல்ல.

நீர்ச் சிக்கனத்திலும் இதே குழப்பம் வருகிறது. வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி நீர் பாய்ச்சும் முறையை லாஸ் பான்யோஸ் நிறுவனம் பல நாடுகளில் பரப்பியது. நம்மூரில் இதற்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. ஒரு வயலில் இவ்வளவு நீர் மிச்சமானது என்ற கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் வாய்க்காலில் முறைவைத்து நீர் வரும் இடத்தில், இன்று வந்த நீரை வேண்டாமென்று விட்டால் மறுமுறை எப்போது என்ற அச்சம் விவசாயிக்கு இருக்கும். மேல்வயலில் கசிந்த நீர் கீழ்வயலுக்கோ நிலத்தடிக்கோ போய்ச் சேர்வதும் உண்டு என்பதால், வயலில் மிச்சமானது எல்லாம் ஆற்றுப் படுகையில் மிச்சமானதாக ஆகிவிடாது. கடைமடைக்குக் கூடுதலாக ஒரு நாள் நீர் போனதா என்று கேட்காமல், குழாய் பதித்த வயல்களின் எண்ணிக்கையை வெற்றியாக எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

குற்றக் கணக்கு எழுதும்போதும் நிதானம் வேண்டும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானைத் தாங்கும் என்று 1973-இல் வெளியிட்ட ஐ.ஆர். 26 சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தத் திறனை இழந்தது. அதைத் தோல்வி என்று எழுதுவது எளிது, தவறும் அல்ல. ஆனால் முக்கியமான கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது: நிறுவனம் எவ்வளவு விரைவில் தன்னைத் திருத்திக்கொண்டது? கண்மூடித்தனமாக அடித்த பூச்சிமருந்து சிலந்தி முதலான நன்மை செய்யும் உயிர்களை ஒழித்துப் புகையானைப் பெருக்கியது என்பது பிலிப்பைன்ஸ் வயல்களில் நடந்த ஆய்வுகளாலேயே தெளிவானது. 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. தொடக்க ஆண்டுகளில் மருந்தைப் பரிந்துரைத்த நிறுவனம், தன் பரிந்துரை தவறென்று காட்டும் ஆய்வுக்கு உள்ளே எவ்வளவு இடம் கொடுத்தது, அந்த உண்மை பரிந்துரைத் தாளில் ஏற எத்தனை ஆண்டுகள் ஆயின என்பவைதான் நிர்வாகத்தின் தரத்தைக் காட்டும் உரைகற்கள்.

இந்த நிர்வாகத்தை எடைபோடுவதில் நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு தனிச் சபலம் உண்டு. 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர். அந்தப் பெருமையில், அவர் காலத்தில் 1985-இல் வெளியான ஐ.ஆர். 64-ஐ அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். நெல் ரகம் ஒன்று கலப்பிலிருந்து வெளியீடு வரை வரப் பல ஆண்டுகள் ஆகும். அங்கு நெல் ரகங்களை உருவாக்கிய அறிவியலாளர் குர்தேவ் குஷ் தலைமையிலான குழு அந்த வேலையை அவர் வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஓர் இயக்குநரின் பதவிக்காலத்தில் அறுவடையாவது பெரும்பாலும் முந்தையவர் விதைத்ததே. எனவே அவர் எந்த ஆராய்ச்சிகளுக்குப் பணமும் ஆளும் ஒதுக்கினார், எவற்றை நிறுத்தினார், அவற்றில் எது பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பலன் தந்தது என்று பார்ப்பதே முறை.

நிதியிலும் மேலோட்டமான பார்வை ஏமாற்றும். மொத்த வரவு கூடியது என்பதால் நிறுவனம் வலுவடைந்தது என்று பொருளாகாது. நன்கொடையாளர் குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே கட்டிக்கொடுக்கும் பணம் வேறு. நிறுவனம் தானே முடிவெடுத்துச் செலவிடும் பணம் வேறு. மூன்றாண்டுத் திட்டங்களால் மட்டுமே வாழும் நிறுவனம் நீண்ட வேலைகளைக் கைவிடும். லாஸ் பான்யோஸில் 1963-இல் தொடங்கி ஒரே நிலத்தில் இடைவிடாது நெல் பயிரிட்டுவரும் சோதனை ஒன்று உண்டு. விளைச்சல் மெல்லச் சரிவதை முதலில் எச்சரித்தது அந்த நிலம்தான்; எந்த மூன்றாண்டுத் திட்டமும் அதைக் கண்டிருக்காது. நிர்வாகச் செலவின் விழுக்காடு, ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை ஆகியவை தேவையான தகவல்களே. ஆனால் அவற்றிலேயே நின்றுவிடக் கூடாது. மறுஆய்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நெல் ஆராய்ச்சி உலகம் சிறியது. நேற்று அங்கே வேலைசெய்தவர் இன்று மதிப்பீட்டாளராக வருவதில் வியப்பில்லை. பழைய தொடர்பைத் தலைப்பக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இறுதியாக, விதை வங்கி. 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் அங்கே குளிரில் காக்கப்படுகின்றன. 'நம் விதையைக் கொண்டுபோய்ப் பூட்டிவைத்துவிட்டார்கள்' என்பது மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் மீட்டெடுக்கப் பாடுபட்டவர்கள் நடுவே கேட்கும் மனக்குறை. அதைப் புறந்தள்ளக் கூடாது. அது முழு உண்மையும் ஆகாது. கம்போடியாவில் 1970-களின் கெமர் ரூஜ் ஆட்சிக் கொடுமையில் அழிந்துபோன உள்ளூர் நெல்வகைகளில் நூற்றுக்கணக்கானவை அந்த வங்கியிலிருந்தே திரும்பிச் சென்றன. ஓர் ஆண்டில் எத்தனை மாதிரிகள் வெளியே சென்றன என்று எண்ணி அந்த வங்கியின் பயனை அளப்பதும் தவறு. 'சப்1' கூறு எடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற ஒடிசா நெல், வெள்ளம் தாங்கும் என்று தெரிந்தும் பல பத்தாண்டுகள் பெரிதாகப் பயன்படாமல் இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு முறையும் அதைப் பயனற்ற சரக்கு என்றே குறித்திருப்பார். அந்த நெல்லைத் தலைமுறைகளாகக் காத்துவந்த ஊர்களுக்கு என்ன திரும்பிச் சென்றது என்ற கேள்வியும் அதே மதிப்பீட்டுத் தாளில் இடம்பெற வேண்டும்.