ஜூனில் அமீரகம் வந்து இறங்குகிறீர்களா? முதல் இரண்டு வாரம் பத்திரம்

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு திறந்ததும் இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கியதுபோல ஓர் ஆவி முகத்தில் அடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கினாலும் அப்படித்தான். "கத்திரி வெயிலையே பார்த்தாச்சு, இதென்ன" என்ற நினைப்போடுதான் நாம் எல்லோரும் வருகிறோம். வேலூரில் 42 டிகிரி பார்த்தவருக்கு இங்கே 45 பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் ஊரில் கத்திரி மே 4-ல் தொடங்கி மாதக் கடைசியில் முடிந்துவிடும். இங்கே அது செப்டம்பர் கடைசிவரை நீளும். இரவிலும் 30-க்குக் கீழே இறங்காத நாட்கள் நிறைய.

அதைவிட மோசம் காற்றில் உள்ள ஈரம். இந்த வளைகுடாக் கடல் ஆழம் குறைந்தது. வெயிலில் சீக்கிரம் சூடேறி, கரையோரம் முழுக்க ஈரத்தைப் பரப்பிவிடும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் வெளியேறும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும்.

இந்தச் சூட்டுக்கு உடம்பு பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். வெயிலில் விழுகிறவர்களில் நிறையப் பேர் அந்த முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில், பிறகு நாளுக்கு நாள் அதே அளவு கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் வேலையிடப் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் கணக்கு. கட்டட சைட்டில் அப்படி யாரும் தானாகத் தரமாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும் பழைய ஆட்களுக்கும் இது பொருந்தும். சில வாரம் விலகியிருந்தால் உடம்பு பழக்கத்தை மறந்துவிடும்.

நான் கேட்கவில்லை. கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கும் ஷட்டரிங் வேலை, வந்த மூன்றாம் நாள். புது ஆள் சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடக் கூடாதே என்று பலகை சுமந்துகொண்டே இருந்தேன். பதினொரு மணிக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பரமக்குடிக்காரர் ஒருவர், இங்கே பல வருடம் இருந்தவர், நிழலுக்கு இழுத்துப் போய்க் காலை நீவிவிட்டார். "காலையில இருந்து எத்தனை தடவ ஒண்ணுக்குப் போன தம்பி?" என்றார். ஒரு தடவைகூட இல்லை. "வெறும் தண்ணியா குடிச்சா பத்தாது, உப்பு வேணும்" என்று பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் குலுக்கிக் கொடுத்தார்.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிறேன். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்கு வந்தால் ஆபத்து. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடியுங்கள். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. இது எப்போதும் பையில் இருக்கட்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும் லபன் நம் மோருக்கு அண்ணன் முறை, மதியச் சாப்பாட்டோடு உப்புப் போட்டுக் குடியுங்கள். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் நேர் வெயிலில் வேலை வாங்குவது இங்கே சட்டப்படி தடை. மீறினால் கம்பெனிக்கு ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம், அதிகபட்சம் 50,000. அவசரப் பழுது பார்ப்பது போன்ற சில வேலைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அங்கும் குடிநீரும் நிழலும் தர வேண்டும். தொழிலாளர் அமைச்சகத்தின் எண் 600590000. போர்மேனை முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை, இந்த எண்ணில் சொல்லுங்கள்.

பக்கத்தில் நிற்பவர் உளற ஆரம்பித்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடம்பு அனலாகக் கொதித்து மயங்கினாலோ அது வெறும் களைப்பல்ல, உயிர் போகும் விஷயம். 998-க்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டு போய்ச் சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ரூமில் ஒரு சங்கதி. மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்வதால் குழாயைத் திறந்தால் கொதிநீர்தான் வரும். ஹீட்டர் வீட்டுக்குள் இருந்தால் வந்த அன்றே அதை அணைத்துவிடுங்கள். அதில் தங்கிய தண்ணீர் ஆறிப்போயிருக்கும், குளிக்க அந்த ஹீட்டர் குழாயைத் திறங்கள். குடும்பத்தோடு வந்தவர்கள், ஒரு நிமிட வேலை என்றாலும் பிள்ளையைக் காரில் விட்டுப் போகாதீர்கள். சென்ட் பாட்டில், லைட்டர், பவர் பேங்க் எதுவும் காருக்குள் இருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தென்கிழக்கில், அடிவானத்தை ஒட்டி ஒரு நட்சத்திரம் தெரிய ஆரம்பிக்கும். அரபிகள் அதை சுஹைல் என்பார்கள். அது வந்துவிட்டால் கோடையின் உக்கிரம் குறையும் என்பது அவர்கள் தலைமுறைக் கணக்கு. நாம் அகத்தியர் என்று சொல்வதும் அதே நட்சத்திரத்தைத்தான். அதன் பிறகும் செப்டம்பர் முழுக்கப் புழுக்கம் இருக்கும், தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிடாதீர்கள்.