உதகைக்கும் தோடர் மந்துகளுக்கும் பெங்களூரிலிருந்து செல்வோர் கவனத்திற்கு

பெங்களூரிலிருந்து மைசூர் வழியாகக் காரில் உதகைக்குச் செல்லும் நம்மவர்கள், பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கிட்டே புறப்பட வேண்டும். வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதற்காக 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸையும் முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் மந்துகளில், அதாவது அவர்களுடைய சிற்றூர்களில், குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால், பெரியவர்களிடம் அனுமதி கேட்ட பிறகே உள்ளே செல்வதும் படம் எடுப்பதும் முறையாகும். பீப்பாயை அறுத்துக் கவிழ்த்தது போன்ற கூரையுடைய அவர்களுடைய கோயிலுக்குள் வெளியார் நுழையக் கூடாது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலிழைகளை எண்ணித் தைக்கப்படும், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் சால்வையைத் தைத்த பெண்களிடமே, தயவுசெய்து பேரம் பேசாமல், வாங்குங்கள்.