பழைய லாக் கேபினின் உட்புறத்தை மாடர்ன் ரஸ்டிக்காக மாற்றுவது எப்படி?

முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பழைய லாக் கேபினுக்குள் நுழைந்ததும் கண்ணில் அறைவது ஆரஞ்சு நிறம். சுவர், கூரை, தரை, சமையலறை அலமாரி எல்லாம் ஒரே ஆரஞ்சு. மரத்தின் நிறமே இப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வெளிச்சம் பட்டுப் பைன் மரம் காலப்போக்கில் கருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆரஞ்சில் பெரும்பங்கு, மேலே அடித்த எண்ணெய் வார்னிஷ் வருடக்கணக்கில் மஞ்சளித்ததால் வந்தது. அதைச் சுரண்டினால் அடியில் வெளிர்நிற மரம் எட்டிப் பார்க்கும்.

ஆகவே புது சோபா, புது விளக்கு என்று கடைக்குக் கிளம்பாதீர்கள். ஆரஞ்சுச் சுவருக்கு முன்னால் எதை வைத்தாலும் எடுபடாது. சுவரில் தொடங்கி, பொருட்களைக் கடைசியில் பார்க்கலாம். மரம் மரமாகவே தெரிய வேண்டும், ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் மரமாக இருக்கக் கூடாது. மாடர்ன் ரஸ்டிக் என்று நான் புரிந்துகொள்வது இவ்வளவுதான்.

1. முதலில் வீட்டின் உடம்பைப் பாருங்கள்

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர், இவை போதும். சுவரின் அடித்தடிகள், ஜன்னலுக்குக் கீழே, குளியலறைக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை மெத்தென்று உள்ளே போனால் அங்கே மரம் உளுத்திருக்கிறது. மீட்டர் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. அதை அடைக்காமல் மேலே ஃபினிஷ் (மேற்பூச்சு) அடிப்பது வீண் செலவு.

அடுத்து, மரம் துளைக்கும் வண்டு. 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் வட்டமான சின்னத் துளைகள் இருந்தால் பதற வேண்டாம். வண்டு எப்போதோ போயிருக்கலாம். அந்தத் துளைகளுக்குக் கீழே ஒரு கறுப்புத் தாளை ஒட்டி வைத்துவிட்டுச் சில வாரம் கழித்துப் பாருங்கள். மாவு போல வெளிர் தூள் உதிர்ந்திருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இதற்கான போரேட் மருந்து வெறும் மரத்தில்தான் ஊறும், வார்னிஷ் மேல் அடித்தால் பயனில்லை. பழைய பூச்சை எடுத்த பிறகு அடியுங்கள்.

தடிகளில் நீளவாக்கில் ஓடும் வெடிப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மரம் காயும்போது வருவதுதான். உட்புறத்தில் அவற்றை அடைக்க வேண்டிய அவசியம் இல்லை; பட்டி வைத்து அடைத்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

பழைய பெயின்ட் இருந்தால், தேய்ப்பதற்கு முன் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடை செய்யப்பட்டதே 1978-ல்தான். பழைய வினைல் தரை ஓடுகளிலும், வெப்பம் தடுக்க வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் நிரப்பிய கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகம் வந்தால் கை வைக்காமல், தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

2. பழைய வார்னிஷை எடுப்பது

முழு வேலையிலும் சலிப்பானது இதுதான், பலன் தருவதும் இதுதான். அலமாரிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள்.

ஓர் அறை, ஒரு சுவர் என்றால் சாண்டர் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் இயந்திரம்) போதும். 60 எண் உப்புத்தாளில் தொடங்கி, 80, பிறகு 120. அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் அடுத்து அடிக்கும் ஃபினிஷ் மரத்துக்குள் ஊறாது. தடி உருண்டையாக இருப்பதால் சாண்டருக்கு அடியில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேடு மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தட்டை தட்டையாக வெட்டுப்பட்டுத் தெரியும். மாஸ்க்கும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

வீடு முழுக்க என்றால் பிளாஸ்டிங் முறைதான் கட்டுப்படியாகும். மக்காச்சோளத் தக்கையை அரைத்த துகளைக் காற்றழுத்தத்தால் அடிப்பார்கள். மணலை விட மென்மையானது. ஆனாலும் அழுத்தம் கூடினால் மரத்தின் மென்மையான வளையங்கள் பள்ளமாகி, கெட்டியான வளையங்கள் மேடாக நிற்கும். வேலை செய்பவரிடம் ஒரு சதுர அடி அடித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பேரம் பேசுங்கள். பிளாஸ்டிங் முடிந்ததும் மரத்தில் பூனை ரோமம் எழுந்து நிற்கும். உராய்வுத் துகள் கலந்த நைலான் பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி ஓட்டினால் படிந்துவிடும். சோடாத் துகள் அடிக்கும் முறையும் உண்டு. அதன் மிச்சம் மரத்தில் தங்கினால் புது ஃபினிஷ் ஒட்டாது என்பதால், நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும்.

3. தடிகளுக்கு இடையே உள்ள பூச்சு

இதைச் சிங்க்கிங் என்பார்கள். பழைய வீடுகளில் சிமென்ட் கலவை இருக்கும். மரம் சுருங்கி விரியும், சிமென்ட் அசையாது, அதனால் ஓரத்தில் விட்டுப்போகும். இன்று அக்ரிலிக்கில் ரப்பர் போல் இழுபடும் பூச்சு கிடைக்கிறது. முதலில் இடைவெளியில் ஃபோம் கயிற்றைத் திணித்து, அதன் மேல் பூச வேண்டும். பூச்சு மேல் தடியிலும் கீழ் தடியிலும் மட்டும் ஒட்டி, பின்புறம் ஒட்டாமல் இருந்தால்தான் இழுபடும்போது கிழியாது. வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறம் எடுங்கள். சுவர் முழுக்க ஓடும் அந்த வெளிர் பட்டைகளே பாதி வேலையை முடித்துவிடும். சிங்க்கிங் இல்லாமல் தடிமேல் தடி நேராக உட்கார்ந்திருக்கும் வீடு என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

4. புது ஃபினிஷ்

தண்ணீர் அடிப்படையிலான, பளபளப்பில்லாத தெளிந்த ஃபினிஷ் வாங்குங்கள். எண்ணெய் வகையைத் திரும்ப அடித்தால் சில வருடத்தில் பழைய ஆரஞ்சே வந்து நிற்கும். மரத்தை இன்னும் வெளுப்பாகக் காட்ட வேண்டுமானால், அதற்கு முன் மிக மெல்லிய வெள்ளை அல்லது சாம்பல் ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) கொடுக்கலாம். ஜன்னலுக்கு எதிரே, இருட்டு மூலையில், கூரைக்கு அருகே என்று வெவ்வேறு இடங்களில் மாதிரி அடித்து, பகலிலும் இரவிலும் பார்த்து முடிவெடுங்கள்.

அடிக்கும்போது ஒரு தடியை எடுத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மூச்சில் முடியுங்கள். நடுவில் நிறுத்தினால் ஈரமும் காய்ந்ததும் சேரும் இடத்தில் கோடு விழும், அப்புறம் அது போகவே போகாது. மேலிருந்து கீழாக வாருங்கள். லின்சீட் போன்ற எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

5. எங்கே பெயின்ட், எங்கே கூடாது

உருளைத் தடிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். வெடிப்புகளுக்குள் போன பெயின்டை யாராலும் எடுக்க முடியாது, பிறகு மனசு மாறினாலும் வழியில்லை. உத்திரங்களுக்கு இடையே உள்ள கூரைப் பலகை, உள் தடுப்புச் சுவர், சமையலறை அலமாரி ஆகியவை பெயின்டுக்கு ஏற்றவை. கூரைப் பலகையை மட்டும் வெளுத்தாலே அறை உயரமாகத் தெரியும். சுத்த வெள்ளை வேண்டாம், மரத்தின் பக்கத்தில் அது ஆஸ்பத்திரியை நினைவூட்டும். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. பைன் பலகையின் கணுக்களில் இருந்து பழுப்புக் கறை மேலே கசியும் என்பதால், முதலில் ஷெல்லாக் பிரைமர் (அரக்கு வகை அடிப்பூச்சு) அடிப்பது கட்டாயம்.

6. வீடு அசையும், மறக்காதீர்கள்

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் படுக்கைவாட்டில் அடுக்கிய தடிச் சுவர் உயரம் குறையும். பழைய வீடு பெரும்பாலும் இறங்கி முடித்திருக்கும், ஆனாலும் ஈரக்காலம் வறண்டகாலம் என்று லேசாக ஏறி இறங்கும். கதவு, ஜன்னல் நிலைகளுக்கு மேலே இதற்காகவே இடைவெளி விட்டிருப்பார்கள். அலங்காரப் பட்டையை எடுத்ததும் தெரியும் அந்த இடைவெளியை, “சரியாக அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்” என்று கட்டை வைத்து அடைத்துவிடாதீர்கள். பட்டையைத் தடியிலோ நிலையிலோ ஏதாவது ஒன்றில் மட்டும் அடியுங்கள். சுவர் அலமாரியை மாட்டும்போது நீள்துளை உள்ள பிராக்கெட் போடுங்கள். தூணுக்கு அடியிலோ தலையிலோ உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஜாக் இருந்தால், அழகுக்காகப் பெட்டி செய்து மூடினாலும் திறக்கும் வசதியோடு மூடுங்கள்.

7. வெளிச்சமும் கணப்பும்

மரம் வெளிச்சத்தை விழுங்கும். நடுக்கூரையில் ஒரே ஒரு விளக்கு என்பது போதாது. சுவரைத் தழுவி விழும்படி பல சிறு விளக்குகள் வையுங்கள், இளமஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 கெல்வின், டிம்மரோடு. தடிச் சுவருக்குள் ஒயர் ஓட்டுவது சிரமம் என்பதால் கறுப்பு இரும்புக் குழாயில் வெளிப்படையாக ஓட்டலாம். இந்தப் பாணிக்கு அது பொருந்தவே செய்கிறது. இணைப்பு வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

விறகு அடுப்பு இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும். தரச்சான்று இல்லாத பழைய அடுப்புக்கு, அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 211-ஆம் எண் விதி, எரியக்கூடிய எதிலிருந்தும் 36 அங்குல இடைவெளி கேட்கிறது. புதிதாக மர ஷெல்ஃப் வைக்க நினைப்பவர்கள் அளந்துவிட்டு வையுங்கள்.

8. கடைசியாகத்தான் பொருட்கள்

கரடி பொம்மை, மான் கொம்பு, கட்டம் போட்ட திரைச்சீலை: இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். சுவர் உருண்டையும் கனமுமாக இருப்பதால், உள்ளே வரும் மேஜை நாற்காலி நேர்கோடும் மெல்லிய காலுமாக இருக்கட்டும். தடியில் செய்த கட்டிலும் தடியில் செய்த நாற்காலியும் தடிச் சுவரோடு சேர்ந்தால் கண்ணுக்கு ஓய்வே இல்லை. துணிகள் வேலைப்பாடு இல்லாத கம்பளி, லினன், தோல். கைப்பிடி, விளக்கு என்று சில இடங்களில் மட்டும் கறுப்பு இரும்பு.

தண்ணீர் வகை ஃபினிஷ் சில மணி நேரத்தில் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், முழுதாக இறுகப் பல நாள் ஆகும். டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும் வரை சோபாவைச் சுவரோடு சாய்க்காதீர்கள், தரைக்கும் அடித்திருந்தால் கம்பளம் விரிக்காதீர்கள். மீந்த ஃபினிஷைச் சின்ன டப்பாவில் அடைத்து, பெயர், நிறம், ஸ்டெயின் கலந்த விகிதம், அடித்த தேதி எல்லாவற்றையும் மூடியில் எழுதி வையுங்கள். கீறல் விழும் நாளில் தேவைப்படும்.